காரணம் சொல்லச் சட்டத்தில் இடமில்லை

1

போன வாரம் எங்கள் கட்டடத்தின் தபால் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே துண்டுப் பிரசுரம் கிடந்தது. எங்கள் தொகுதி தெப்யுத்தே அனுப்பியது. தெப்யுத்தே என்றால் நம் ஊர்க் கணக்கில் எம்.பி. பாரிஸுக்கு வெளியே, நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் புறநகர் இது. அதனால் பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக்கூட அவர் தவறுவதில்லை. படத்தில் அவர் சந்தையில் காய்கறி விற்கும் ஒருவரிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாதி முகம் வெட்டுப்பட்டு, கையில் கோப்புகளோடு நிற்பது என் மகள் காவ்யா. அவருடைய அலுவலகத்தில்தான் அவளுக்கு வேலை. அவர் பேசுவதையும் எழுதுவதையும் முதலில் எழுதுவது அவள்.

நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவ ஆரம்பித்து, பரிமாறுகிறவளாக உயர்ந்து, இப்போது ஓய்வுக்குக் காத்திருக்கிறவள். பிரெஞ்சை விரல் வைத்துத்தான் படிப்பேன். அப்படியே படித்தேன்.

மூன்று விஷயங்களில் தன் நிலைப்பாடு என்னவென்று தெப்யுத்தே சொல்லியிருந்தார். வங்கிகள்: திருட்டுப் பணம் புகுந்து புறப்படாமல் இருக்க, சின்னத் தொகையானாலும் சந்தேகம் வந்தால் நிறுத்தி வைத்து மேலே தெரிவிக்க வேண்டும். வரி: வெளிநாட்டில் கணக்கு வைத்துக்கொண்டு மறைப்பவர்களை விடக்கூடாது. நீதி: வழக்குகள் மலைபோல் தேங்கிக் கிடக்கின்றன, சின்ன வழக்குகளில் ஆட்களை நேரில் கூப்பிடாமல் காகிதங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டைச் சில நீதிமன்றங்களில் ஏற்கெனவே சோதனையாக நடத்துகிறார்கள். எங்கள் ஊர் நீதிமன்றமும் அதில் ஒன்று. அவர் முயற்சியால் வந்தது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

எதிலும் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய திருடர்களைப் பிடிக்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வழக்குகள் சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே? ஆனால் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக என் அண்ணன் கலியபெருமாளின் தலையில் இறங்கியதை நான் கூட இருந்து பார்த்தேன். இறக்கியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல், ஊரில் உள்ள உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அண்ணன் சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பட்டாளத்துக்குப் பிறகு இதே புறநகரில் கிடங்குக் காவல் வேலை பார்த்தார். அண்ணிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வு வந்ததும் இரண்டு பேரும் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ரெத்ரேத், அதாவது ஓய்வூதியம், இங்குள்ள வங்கிக் கணக்கில் விழும். அங்கிருந்தபடி எடுத்துக்கொள்வார்.

அந்தக் கணக்குக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நம் ஊர்க்காரர் யாராவது இங்கே தனியாக இறந்துபோனால் உடலை விமானத்தில் அனுப்பப் பெரும் செலவாகும். அண்ணன் இங்கிருந்த காலத்திலேயே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். செய்தி போன உடனே அவரவர் முடிந்ததை அவர் கணக்கில் போடுவார்கள். அவர் சவ அடக்கக் கம்பெனிக்குக் கட்டிவிட்டு, வரவு செலவை எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். ஊருக்குப் போன பிறகும் இது தொடர்ந்தது. வேறொருவரை வைத்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கலியபெருமாள் கணக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள்.

முருகையன் இறந்தது ஒரு குளிர்காலத்தில். அரியாங்குப்பத்துப் பக்கம் மீனவக் குடும்பம். அவருடைய அப்பாவுக்குக் குடியுரிமை இருந்ததால் இவருக்கும் கிடைத்து, இங்கே ரயில் பெட்டிகளைத் துடைக்கும் வேலைக்கு வந்தார். மனைவி கோமதியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். ஒரே அறையில் இருந்தார். வேலைக்கு வரவில்லையே என்று கூட வேலை பார்க்கிறவர்கள் போய்க் கதவைத் திறக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"தனம், முருகையன் போயிட்டான்மா" என்று அண்ணன் எனக்கு போன் செய்தார். "கோமதிகிட்ட சொல்லிட்டேன். ஒடம்ப கொண்டாந்துடுவேன்னு வாக்கு குடுத்துக்கீறேன். நீ கம்பெனிக்காரன்கிட்ட பேசி வை."

பேசி வைத்தேன். நம்மவர்கள் போட்டார்கள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் போட்டார்கள். பணம் உள்ளே போனது. வெளியே வரவில்லை. அண்ணன் கம்பெனிக்குக் கட்டப் போனபோது கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் திரையில் வந்தது. இந்தியாவில் குடியிருக்கிற ஒருவர் கணக்கில், எங்கெங்கிருந்தோ, பல பேரிடமிருந்து, சின்னச் சின்னத் தொகை. வங்கிக் கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று பின்னால் காவ்யா எனக்கு விளக்கினாள். விளக்கம் புரிந்தது. ஆனால் உடல் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இருந்தது. அதற்கும் ஒரு கெடு இருந்தது.

ரொக்கமாகத் திரட்டலாம் என்று ஓடினோம். அவ்வளவு ரொக்கத்தைக் கம்பெனி வாங்கக் கூடாது, அதற்கும் சட்டம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கணக்கில் போடச் சொல்லிக் கேட்டோம். ஒரு தடவை போட்டவர்கள் மறு தடவை தயங்கினார்கள். மாதக் கடைசி வேறு. அதற்குள், முதலில் போட்டது எங்கே போச்சு என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. கெடு முடிந்ததும் நகராட்சி தன் செலவில் முருகையனை அடக்கம் செய்தது.

நான், என் வீட்டுக்காரர், ரயில் நிலையத்து ஆட்கள் சிலர் போனோம். காவ்யாவும் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தாள். நான் போனில் கோமதிக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். பெட்டியை ஏற்கெனவே மூடி முத்திரை வைத்துவிட்டார்கள்.

"அக்கா, மொகத்த காட்டுங்க" என்றாள்.

நான் காவ்யாவைப் பார்த்தேன். அவள் அங்கிருந்த அலுவலரிடம் போய்ப் பேசினாள். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார், முடியாது என்று.

"மொகத்த காட்டச் சொல்லுங்கக்கா" என்று போனுக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் மண்ணையும் மரங்களையும் காட்டிக்கொண்டிருந்தேன்.

3

சில மாதம் கழித்துப் பணம் போட்டவர்கள் எல்லோருக்கும் அவரவர் கணக்கிலேயே திரும்பி வந்துவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. அண்ணனுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. உங்கள் கணக்கை மூடுகிறோம், வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அன்புடன், என்று. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் வங்கிக்கு போன் செய்ய ஆரம்பித்தார். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்து, இங்கே வங்கி திறக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவார். இசை ஓடும். பிறகு ஒரு பெண் குரல் வரும். தன் பெயர், பிறந்த தேதி, பட்டாளத்து எண் எல்லாம் சொல்லுவார். அந்தப் பெண்ணுக்குப் பட்டாளத்து எண் தேவையில்லை. அப்படியும் சொல்லுவார். கடைசியில், "எனக்கு வேற எந்தத் தகவலும் தெரியாது மிசே" என்று, ஐயா போட்டு மரியாதையாகவே, வைத்துவிடுவாள்.

புதுச்சேரியில் பேச்சு வேறு மாதிரி போனது. பணம் திரும்ப வந்தது பலருக்கு ஞாபகமில்லை. நின்றுபோனது மட்டும் ஞாபகமிருந்தது. முருகையனின் தம்பி ஒருவர் நேரே வீட்டுக்கு வந்து, "நீ ஒயுங்கானவனா இருந்தா ஏன் ஒன் கணக்க மூடறான்?" என்று கேட்டுவிட்டுப் போனதாக அண்ணி சொன்னார்கள். அண்ணன் அதை என்னிடம் சொல்லவேயில்லை.

காவ்யா ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். வேலைக்குப் போனதும் தனி வீடு எடுத்துக்கொண்டவள். அவளுடைய தமிழ் சமையலறைத் தமிழ். சாப்பாடு, சொந்தம், காய்ச்சல், கோபம் இவ்வளவும் பேசலாம். மற்றதெல்லாம் பிரெஞ்சு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டேன்.

"காரணத்த சொன்னா என்ன குறைஞ்சிடும் அவங்களுக்கு?"

"சொல்லக் கூடாதும்மா. சட்டம் அப்படி. நிஜமான திருடனா இருந்தா உஷாராயிடுவான் இல்ல? சொன்னா வங்கிக்காரங்களுக்குத் தண்டனை."

"மாமா திருடனா?"

"மாமாவ யாரும் திருடன்னு சொல்லல."

"திருடன் இல்லேன்னும் யாரும் சொல்லலியே."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சின்ன வயதில் அவளைத் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அண்ணன். அப்போது நான் விடியலிலேயே வேலைக்குப் போய்விடுவேன்.

"கோர்ட்டுக்குப் போகலாம்" என்றாள். "அதுக்குத்தான் கோர்ட் இருக்கு. நான் எழுதித் தரேன்."

அண்ணனிடம் சொன்னேன். போனில் அவர் குரல் மாறியதைக் கேட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பழைய குரல். "ஜட்ஜு முன்னாடி நிக்கலாம் இல்ல? அது போதும்மா. காசு இன்னா, ஒரு பைசா வேணாம். நின்னு சொல்லணும். இன்னின்னார் போட்டாங்க, இன்னத்துக்குப் போட்டாங்க, நான் இன்னார். அவ்ளோதான்."

நகராட்சியில் இலவசமாக யோசனை சொல்லும் வக்கீலைப் பார்க்க நானும் காவ்யாவும் போனோம். பிரெஞ்சில் வக்கீலுக்கும் அவகாடோ பழத்துக்கும் ஒரே சொல், அவொகா. சாப்பாட்டுக்கூடத்தில் இத்தனை வருஷம் பழத்துக்கு மட்டுமே சொல்லிப் பழகிய நான், வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "அவொகா வாங்க வந்தோம்" என்றேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காவ்யா அடக்கவில்லை. நானும் சிரித்துவிட்டேன். அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

4

காவ்யா எழுதிக் கொடுத்தபடி எங்கள் ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். இதற்கிடையில் அண்ணனின் ரெத்ரேத் வந்து விழ ஒரு கணக்கு வேண்டியிருந்தது. ரெட்டியார்பாளையத்தில் அண்ணனும் நானும் சேர்ந்து வைத்திருந்த பழைய கணக்கு ஒன்று உண்டு. பெற்றோர் வீட்டுக்கு வரி கட்டுவதற்காகத் திறந்தது. ஓய்வூதியத்தை அதற்கே மாற்றிக்கொண்டோம்.

அந்த வருஷம் வரித் தாளை நிரப்பிக் கொடுத்த காவ்யா, "இந்தியாவுல உங்க பேர்ல கணக்கு இருக்காம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இதுவரை இங்கே சொன்னதில்லையா என்றாள். சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அவள் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய தெப்யுத்தே சபையில் இதைப் பற்றித்தான் அந்த மாதம் பேசியிருந்தார். அவருடைய உதவியாளரின் அம்மாவே மறைத்து வைத்திருக்கிறாள் என்று யாராவது எழுதினால்?

"இனிமே அதுல மாமாவோட பென்ஷன் வேற வருது. அது யாரோடதுன்னு வருஷா வருஷம் நீங்க நிரூபிக்கணும். இதுவரைக்கும் இருந்ததை நான் எழுதி ஒப்புக்கொடுத்துடறேன். நீங்க ஊருக்குப் போறப்ப பேரை எடுத்துடுங்க."

அடுத்து வந்த ஜனவரியில் புதுச்சேரிக்குப் போனேன். வங்கியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். எதற்கென்று முன்பே சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றிருந்தார். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நீயும் எடுத்துட்ட."

"சட்டம்ணா."

"ஆமா. சட்டம்தான்" என்றார். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

5

அதே சமயம் தெப்யுத்தே புதுச்சேரிக்கு வந்தார். இரண்டு நாட்டு நட்புக் குழு ஒன்று. அதில் அவரும் ஒருவர். தன் தொகுதி வாக்காளர்களின் சொந்தபந்தங்களைப் பார்க்க வேண்டும் என்று கடற்கரைப் பக்கம் ஒரு கூடத்தில் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மொழிபெயர்க்க காவ்யா கூடவே வந்திருந்தாள். ஹோட்டலில் தங்கினாள். மாமா வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டாள்.

அண்ணன் கோட்டை இஸ்திரி போட்டு, பட்டாளத்துப் பதக்கங்களைக் குத்திக்கொண்டார். அரியாங்குப்பத்துக்குப் போய்க் கோமதியையும் அழைத்து வந்தார். "அவர் பெரியவரு. சட்டம் போடற எடத்துல இருக்கறவரு. பாப்பா வேற பக்கத்துல இருக்குது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். காவ்யா அவருக்கு எப்போதும் பாப்பாதான்.

தெப்யுத்தே நன்றாகப் பேசினார். பிரசுரத்தில் இருந்த அதே மூன்று விஷயங்கள். காவ்யா மைக்கில் தமிழாக்கினாள். நிதி விஷயத்தில் ஒரு சொல்லுக்கு முட்டிக்கொண்டு, முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "அம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். கட்டுப்பாடு என்றேன். "வங்கிகளுக்குக் கட்டுப்பாடு வரும்" என்று அவள் சொன்னதும் பின்னால் ஒருவர், "யார ஊர விட்டுத் தள்ளி வெக்கப் போறாங்களாம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நம் மீனவ ஊர்களில் கட்டுப்பாடு என்றால் ஒரு குடும்பத்தோடு யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்று தள்ளி வைப்பது. அவர் கேட்டது தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது.

கேள்வி நேரத்தில் அண்ணன் எழுந்தார். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு பிரெஞ்சிலேயே பேசினார். அவருடையது பட்டாளத்துப் பிரெஞ்சு. உத்தரவும் வசவும் கலந்தது, பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல. விறைப்பாக நின்று தன் பெயர், படைப்பிரிவு, எண் சொன்னார். முருகையன் பெயரைச் சொன்னார். வங்கி தன்னை நடத்திய விதத்துக்கு, அவருக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார். அது பட்டாளத்தில் சொல்லுகிற சொல். கூடத்தில் இருந்த மற்ற சொல்தாக்கள் உரக்கச் சிரித்துவிட்டார்கள்.

தெப்யுத்தேவும் சிரித்தார். நெஞ்சில் கை வைத்து, "என்ன அழகான பிரெஞ்சு! இதை இப்போது பாரிஸில் தேடினாலும் கிடைக்காது. எங்கள் தாத்தா இப்படித்தான் பேசுவார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. கை தட்டல் ஓய்வதற்காக நின்றுகொண்டிருந்தார். ஓய்ந்தபோது தெப்யுத்தே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். உங்களைப் போன்ற நேர்மையானவர்களுக்காகத்தான் வங்கிகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் சட்டம் இயற்றுகிற நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நீதிபதியை நம்புங்கள்.

அதுவும் சரிதான். அவர் பேசியிருந்தால்தான் தப்பு.

அப்போது கோமதி எழுந்தாள். மைக் வாங்கவில்லை. "பொட்டிய மூடித்தான் காட்னாங்க. அவரு மொகத்த நான் பாக்கல. எதுக்கு நிறுத்துனாங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

காவ்யா என்னைப் பார்த்தாள். பிறகு தெப்யுத்தே பக்கம் திரும்பிச் சொன்னாள்: உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில் ஏற்படும் தாமதங்கள் குறித்து இந்த அம்மையார் வருந்துகிறார்.

கோமதி வருந்தவில்லை. கேட்டாள். கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். யாரும் திருத்தவில்லை. தெப்யுத்தே எழுந்து வந்து கோமதியின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதை யாரோ படம் எடுத்தார்கள்.

கூட்டம் முடிந்து காவ்யாவோடு கடற்கரையில் கொஞ்சம் நடந்தேன்.

"நீ சொன்னது அவ சொன்னதில்லடி."

"தெரியும்மா. அப்படியே சொன்னா குற்றம் சாட்டற மாதிரி இருக்கும். அவர் தற்காத்துக்கத்தான் பார்ப்பார். இப்படிச் சொன்னாதான் காதுல ஏறும்."

"ஏறிச்சா?"

அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பிரெஞ்சில் பேசியபடி தள்ளிப் போனாள். பிரெஞ்சு பேசும்போது அவள் நடையே வேறு. நான் பெற்றவள்தான். ஆனால் அந்த நடையை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது.

6

நீதிமன்றத்திலிருந்து தேதி போட்டுக் கடிதம் வந்ததும் அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டார். எங்களிடம் கேட்கவில்லை. காவ்யா போனில் எவ்வளவோ சொன்னாள்.

"மாமா, அது விசாரணை இல்ல. உங்க வழக்கு புது முறையில போவுது. காகிதத்த பார்த்து முடிச்சிட்டாங்க. அந்தத் தேதியில தீர்ப்பு ரெடியா இருக்கும், அவ்வளவுதான். நானே வாங்கி அனுப்பறேன்."

"தீர்ப்பு படிப்பாங்க இல்ல பாப்பா. அப்ப நான் அங்க இருக்கணும் இல்ல."

"படிக்க மாட்டாங்க மாமா."

"படிக்காம எப்படி?"

வந்தார். அதே கோட்டு, அதே பதக்கங்கள், மேலே நான் கொடுத்த குளிர்ச்சட்டை. காவ்யா லீவு போட்டுவிட்டு வந்தாள். நீதிமன்றத்தில் பைகளைச் சோதித்து உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். அண்ணன் கடிதத்தைக் காட்டினார். அவள் எழுந்து போய் இரண்டு மூன்று தாள்களைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். கையெழுத்து வாங்கினாள். "நல்ல நாளாகட்டும்" என்றாள்.

காவ்யா அங்கேயே நின்று படித்தாள். படித்து முடித்தது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா சொல்றாரு?" என்றார் அண்ணன்.

"தள்ளுபடி மாமா. கணக்கை மூட வங்கிக்கு உரிமை இருக்காம். காரணம் சொல்லச் சட்டத்துல இடமில்லையாம்."

"முருகையன பத்தி?"

"அது இதுல இல்ல."

அண்ணன் தலையை ஆட்டினார். பெஞ்சில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அந்த ரூம பாக்கலாமா பாப்பா?" என்று கேட்டார்.

காவ்யா காவலாளியிடம் போய்ப் பேசினாள். அன்றைக்கு விசாரணை மண்டபத்தில் வேலை இல்லை. அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பதக்கங்களைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டார். சாதாரண அறைதான். மேடை, நாற்காலிகள், மரப் பெஞ்சுகள். அண்ணன் குல்லாயைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"ஜட்ஜு எங்க உக்காருவாரு?"

காவ்யா காட்டினாள்.

"வங்கிக்காரன்?"

காட்டினாள்.

"நான்?"

அவள் அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் ஒரு மரத்தடுப்புக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் நேராக நின்றார். கைகள் பக்கவாட்டில். மேடையில் யாருமில்லை. காவ்யா அவருக்கு எதிரே போய், மேடைக்குக் கீழே நின்றாள்.

"சொல்லுங்க மாமா. நான் கேக்கறேன்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே பாப்பா" என்றார். "தெரியாதவங்ககிட்டத்தானே சொல்லணும்."

பிறகு குல்லாயைப் போட்டுக்கொண்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலாளிக்கு நன்றி சொன்னார். வாசலில் காவ்யா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் சபையில் வாக்கெடுப்பு. அதற்கான காகிதங்களை அவள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலமே அலுவலகத்துக்குப் போனாள்.

7

அண்ணனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடவே புதுச்சேரிக்கு வந்தேன். வந்த மறுநாளே, கோமதியிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார். ஸ்கூட்டரில் போனோம். பாலத்தின் மேல் காற்று பலமாக அடித்தது. அண்ணன் மெதுவாகவே ஓட்டினார்.

கோமதி மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலி போட்டாள். பெரிய பெண் டீ கொண்டுவந்து கொடுத்தது. சுவரில் முருகையன் படம் இருந்தது. குடியுரிமை அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. "தள்ளுபடி பண்ணிட்டாங்க கோமதி. நான் பேசறதுக்கு வழியே இல்ல. எதுக்கு நிறுத்துனாங்கன்னு கேட்டோம். காரணம் சொல்லச் சட்டத்துல எடமில்லியாம்" என்றார். சொல்லிவிட்டு, "நான் குடுத்த வாக்கு போச்சு" என்றார்.

"நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க" என்றாள் கோமதி. அவளிடம் கோபமே இல்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கேட்டது அண்ணனைக்கூட இல்லை, என்னை. பாரிஸ் பக்கம் இருக்கிறவள் நான்தானே.

"சொல்லத்தான் கூடாது, சரிக்கா. அவங்களுக்காச்சும் தெரியுமா, எதுக்கு நிறுத்துனாங்கன்னு?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். பெரிய பெண்ணும் வாசலில் நின்று என்னைப் பார்த்தது. அந்தத் திரை, இசை ஓடும் போன், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், ஆளில்லாத மேடை, எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். காவ்யாவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

"தெரியலம்மா" என்றேன்.